டக்டுக்குள் ஊற்றிய மஞ்சள் தண்ணீர்

போன மாதம் முதுகுவலிக்காக ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். கள்ளக்குறிச்சியில் இப்போது ஸ்கேன் சென்டருக்கும் டீக்கடைக்கும் எண்ணிக்கையில் போட்டி நடக்கிறது. டோக்கன் கொடுத்துவிட்டு மறந்துவிட்டார்கள். தலைக்கு மேல் கூரைப் பலகை இரண்டைக் கழற்றிவிட்டு, ஏணியில் நின்றபடி ஒருவர் ஏ.சி. டக்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். மஞ்சளாக ஒரு பஞ்சுத் துணுக்கு மிதந்து மிதந்து இறங்கியது. அது என் மடிக்கு வந்து சேருமுன்பே முன்கை அரிக்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து நாற்காலி அம்மாள், "இன்னா சார், மூட்டப்பூச்சியா?" என்றார். இல்லைம்மா, இது முப்பது வருஷத்து அரிப்பு என்றேன். அவருக்கு அது இன்னும் பயமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

உங்களுக்கு டக்ட் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டடங்களில் ஏ.சி. எந்திரம் ஓர் அறையில் இருக்கும். குளிர்ந்த காற்று அங்கிருந்து தகரத்தால் செய்த சதுரக் குகை ஒன்றின் வழியாக எல்லா இடத்துக்கும் போகும். அந்தக் குகைதான் டக்ட். எந்திரத்தின் இரைச்சலும் அதே வழியில் கூடவே வரும். சத்தத்தைக் கடத்துவதில் தகரத்துக்கு நம் ஊர் ஆட்களின் சுறுசுறுப்பு உண்டு. அதனால் டக்டின் உள்பக்கம் முழுக்கக் கண்ணாடிப் பஞ்சுப் பலகையை ஒட்டுவார்கள். பஞ்சு பறக்காமல் இருக்க மேலே கறுப்புத் துணி. பசை தடவி, ஆணிபோல நிற்கும் பின்களில் பலகையைக் குத்தி, மேலே ஒரு வாஷரை அழுத்திவிட்டால் சத்தத்தைப் பஞ்சு தின்றுவிடும். ஒட்டியது சரிதானா என்று உள்ளே ஊர்ந்துபோய்ப் பார்க்க ஒருவன் வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் அந்த ஒருவன் நான்.

சங்கராபுரத்தில் இதை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. டிப்ளமோ முடித்ததும் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை வாங்கிவிட வேண்டும் என்று அப்பா மூன்று பேர் வீட்டுக்கு நடந்தார். நானோ சென்னைக் காண்ட்ராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து, கழுத்தில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். பஸ்ஸில் தெரிந்தவர்கள், "இன்னாப்பா, ஃபிரிட்ஜி ரிப்பேரா?" என்று கேட்பார்கள். இல்லை, அக்கூஸ்டிக் இன்சுலேஷன் என்பேன். அந்த இரண்டு வார்த்தைக்காகவே ஆலை வேலையை விட்டேன் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "எங்க வூட்ல ஒரு ஃபிரிட்ஜி கெடக்குது, வந்து பாரு" என்பார்கள்.

அப்போதுதான் கள்ளக்குறிச்சியில் ஒரு பெரிய மனிதர் கல்யாண மண்டபம் கட்டினார். கரும்பு, நெல் அரவை, இரண்டு பஸ் என்று வளர்ந்தவர். மண்டபம் முழுக்க ஏ.சி. வேண்டும், ஆனால் எந்திரச் சத்தம் ஒரு பொட்டுக்கூடக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சென்னையில் ஏதோ ஓட்டலில் அப்படிப் பார்த்திருக்கிறார். இது கல்யாண மண்டபம் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது. மேடையில் இரட்டை நாதஸ்வரம், சிறப்புத் தவில். வாசலில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். நடுவில் நானூறு குழந்தைகள். சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் வாளிக்காரரின் குரல். இத்தனைக்கும் அடியில் காற்றாடி சத்தம் போடக் கூடாதாம். பணக்காரர்களின் காது தனி ஜாதி.

வேலைக்குச் சென்னையிலிருந்து இரண்டு ஃபிட்டர்கள் வந்தார்கள். இருவருக்கும் தொந்தி. கண்ணாடிப் பஞ்சு எப்படி அரிக்கும் என்பதைத் தொட்டவர்களிடம் சொல்லத் தேவையில்லை, தொடாதவர்களிடம் சொல்லிப் பயனில்லை. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகும் என்று நான் யோசனை சொன்னேன். தடவியதும் துணுக்குகள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அரிப்பு இரண்டு மடங்கானது. ஐந்தாம் நாள் ஒருவர் அம்மா இறந்துவிட்டதாகச் சொல்லி ஊருக்குப் போனார். அந்த அம்மா அந்த வருஷத்தில் இறந்தது அது இரண்டாவது தடவை என்று மற்றவர் சொன்னார். மறுநாள் அவரையும் காணோம்.

அதே மண்டபத்தில் கலவை சுமந்துகொண்டிருந்த சித்தாள்களில் வெள்ளச்சி என்று ஒருத்தி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். கடுக்காய்க் காலம் முடிந்தால் அந்த ஊரில் பாதிப் பேர் கூலிக்குக் கீழே இறங்கிவிடுவார்கள். முப்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. கலவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு டக்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா சார் இது, ஒடும்பு பொந்து மாரி?"

இதற்குள் ஊர்ந்துபோய் ஒட்ட வேண்டும், ஆள் இல்லை என்றேன். பஞ்சைக் கையில் எடுத்துக் கசக்கி முகர்ந்தாள்.

"காட்டுல பூனக்காலிக் காயி மாரிதான் அரிக்குது. நாங்க அதுலயே பொழங்கிக்கினு கெடக்குற ஆளுங்க. நீ ஒட்டுற வெதத்த மட்டும் சொல்லு."

நீ என்றது எனக்குச் சுருக்கென்றது. மலையில் எல்லோருக்கும் எல்லோரும் நீதான், சாமிக்கும் நீதான். அது தெரிந்திருந்தும் எனக்குக் கோபம் வந்தது. டிப்ளமோ படித்தவன் இல்லையா?

ஒட்டும் விதத்தை நான் ஒருமுறைதான் சொன்னேன். அதற்கப்புறம் சொல்ல எதுவும் இருக்கவில்லை. தகரத்திலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பழந்துணியால் துடைத்த பிறகே பசை தடவினாள். பலகையை வைத்து உள்ளங்கையால் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு அழுத்திக்கொண்டே போவாள். ஒரு பலகை முடிந்து அடுத்தது தொடங்கும் ஓரத்தில் மட்டும் பின்களை நெருக்கி நெருக்கி இரண்டு வரிசை வைத்தாள். வரைபடத்தில் ஒரு வரிசைதான். ஏன் வீணாக்குகிறாய் என்று அதட்டினேன்.

"கூர மேல காத்து நடுவுலயா தூக்கும்? ஓரத்துலதான் சார் தூக்கும். எங்க ஊர்ல ஆடி மாசம் வந்து பாரு. ஓரம் நின்னா வூடு நிக்கும்."

எனக்கு அது படித்த பாடத்தில் இல்லை. சரி, இருக்கட்டும் என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்தேன்.

காண்ட்ராக்டர் வாரம் ஒருமுறை சென்னையிலிருந்து வருவார். அவரும் பார்த்து அசந்துபோனார். "இந்த வேல நல்லபடியா முடியட்டும், அடுத்த எடத்துல உன்ன ஃபிட்டர்னே எழுதிக்கிறேன்" என்று அவளிடமே சொன்னார். அவர் போன பிறகு வெள்ளச்சி என்னிடம் வந்தாள்.

"ஃபிட்டருன்னா மண்ணு செமக்க வேணாம் இல்ல?"

"வேணாம்."

"ஏய், இந்தான்னு கூப்ட மாட்டாங்க இல்ல?"

கூப்பிட மாட்டார்கள் என்றேன். அன்றிலிருந்து அவள் டக்டை விட்டு வெளியே வந்ததே குறைவு. சாப்பாட்டு நேரத்தில் மற்றச் சித்தாள்கள் கூப்பிட்டால் உள்ளேயிருந்து தகரத்தை இரண்டு தட்டு தட்டுவாள், வருகிறேன் என்று அர்த்தம். வர மாட்டாள். அந்த ஒரு வார்த்தையை அவள் எவ்வளவு நம்பினாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று மட்டும் நான் சொல்லிக்கொள்ள முடியாது.

வேலை முடிந்ததும் நான் உள்ளே போனேன். அக்கா வாங்கிக் கொடுத்த டெர்லின் பேண்ட்டோடு வயிற்றால் ஊர்ந்தேன். பெரிய டக்டில் தவழலாம், கிளை டக்டில் பல்லிதான். டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தால் எங்காவது பலகை உப்பியிருந்தால் நிழல் விழும். ஒரு நிழலும் விழவில்லை. முழங்கை தேயும்வரை ஒவ்வொரு பலகையாக அழுத்திப் பார்த்தேன். நகத்தை நுழைக்க ஓர் ஓரத்தில்கூட இடமில்லை. வெளியே வந்து, பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று தாளில் கையெழுத்துப் போட்டேன். வெள்ளச்சி எதிரில் நின்றாள். நன்றாயிருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. சூப்பர்வைசர்கள் அப்படியெல்லாம் சொல்ல மாட்டார்கள்.

மண்டபத்தில் முதல் கல்யாணம் பெரியவரின் மகளுக்கே. அதற்கு இரண்டு நாள் முன்பு காலையில் போனால், புதிதாக வெள்ளையடித்த கூரைப் பலகைகளில் மஞ்சள் கறை. டக்ட் இணைப்புகளிலிருந்து சொட்டுச் சொட்டாக மஞ்சள் தண்ணீர். மேலே சாம்பிராணிப் புகை. மண்டபத்து மேனேஜர் வாயெல்லாம் பல்லாக நின்றார். விடியற்காலையில் பூஜை போட்டு, கூரைக்கு மேலே ஏறி, கை எட்டிய டக்ட் திறப்பு ஒவ்வொன்றிலும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழித்தார்களாம்.

"இன்னா தீட்டு?" என்றேன்.

"நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியாதா? மலசனம், சித்தாளு எல்லாம் உள்ள பூந்து பொரண்டு வந்துக்கீதுங்க. அது மேல பட்ட காத்துதானே பொண்ணு மாப்ள மேல வரப்போவுது?"

கண்ணாடிப் பஞ்சு தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. எருமை கணக்காக ஊறிக் கனத்துவிடும். பசையும் விட்டுப்போகும். நான் பெரியவரிடமே போனேன். நான்கு நாள் வெறும் காற்றை ஓடவிட்டுக் காய வைக்க வேண்டும், அதுவரை ஏ.சி. போடக் கூடாது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதுல கங்கா தீர்த்தமும் கலந்துக்குதுய்யா. அது பட்டு ஒரு பொருளு கெடுமா?"

பக்கத்தில் இருந்தவர் பூஜைச் சுண்டலை ஒரு தொன்னையில் போட்டு என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நின்ற இடத்திலேயே தின்றேன். ஒரு படித்த வாயை அடைக்கச் சுண்டலைவிட மலிவான பொருள் உலகத்தில் கிடையாது.

கல்யாணத்தன்று காலை எந்திரத்தை முழு வேகத்தில் போட்டார்கள். அரை மணி நேரம் சொர்க்கம். ஜரிகைச் சேலைக்காரர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். எந்திரச் சத்தம் கேட்கவில்லை என்று பெரியவர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தவில் அடங்கினால்தானே எதுவும் கேட்கும்? கெட்டி மேளத்துக்குச் சற்று முன்பு மேலே தொபீர் என்றது. பிறகு வரிசையாகத் தொபீர் தொபீர். ஊறிய பலகைகள் பின்னை உருவிக்கொண்டு டக்டுக்குள் விழுந்தன. விழுந்ததைக் காற்று கிழித்து வாய் வழியாகத் துப்பியது. அட்சதையோடு சேர்ந்து கண்ணாடிப் பஞ்சும் மணமக்கள்மேல் விழுந்தது. முதலில் சம்பந்தியம்மாள் கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் முன்வரிசை முழுக்கச் சொறிந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் முதுகைத் தேடினார். மாப்பிள்ளை தாலியை இரண்டு முடிச்சோடு நிறுத்திவிட்டுக் காதைச் சொறிந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டார். அது வழக்கம்தான் என்று சிலர் சமாளித்தார்கள். எந்திரத்தை நிறுத்தியதும் பட்டு உடுத்திய எண்ணூறு பேரும் வேர்த்து விறுவிறுத்தார்கள். வேர்வை பட்டால் அரிப்பு ஏறும்.

இதுவரை சிரிக்கலாம், நானும் பல தடவை சிரித்திருக்கிறேன். இந்தக் கதையைப் பல இடங்களில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். எப்போதும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன்.

பந்தி முடிந்த பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எதிரில் காண்ட்ராக்டர், நான், வெள்ளச்சி. டக்டைப் பிரித்து விழுந்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். யார் வேலை இது என்று பெரியவர் கேட்டார். வெள்ளச்சி பலகையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் பிழிந்தாள். மஞ்சளாகத் தண்ணீர் தரையில் ஒழுகியது.

"மஞ்சத் தண்ணிய நான் ஊத்தல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

காண்ட்ராக்டர் குனிந்து பார்த்துவிட்டு, "அது பஞ்சோட சாயம்ங்க, ஏ.சி. ஈரத்துல எறங்கும்" என்றார். பெரியவர் அடுத்து ஒரு லாட்ஜ் கட்டப்போகிறார் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பஞ்சும் மஞ்சள், தண்ணீரும் மஞ்சள், பொய்க்கு எவ்வளவு வசதி பாருங்கள். பிறகு காண்ட்ராக்டர் என் பக்கம் திரும்பினார். "நீதானே உள்ள போயி பாத்தே? எப்படி இருந்துது?"

வெள்ளச்சியும் என்னைப் பார்த்தாள். "சொல்லு சார். ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்தியே."

அவள் கெஞ்சவில்லை. நான் உண்மையைச் சொல்வேனா என்ற சந்தேகம்கூட அவள் முகத்தில் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

"ஒட்டுனப்பவே சரியா புடிக்கல போலிருக்குங்க" என்றேன்.

அப்படியானால் நீ எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. "உள்ள இருட்டு, பையன் என்னா பண்ணுவான்" என்று காண்ட்ராக்டரே எனக்காகப் பேசினார். "பொம்பளைங்கள இந்த வேலைக்கு வுட்டது என் தப்புங்க" என்று பெரியவரிடம் கைகூப்பினார். பெரியவருக்கு முகம் தெளிந்துவிட்டது. தீட்டுக் கழித்தது போதவில்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார். வெள்ளச்சி பலகையைச் சுவரோரமாக நிறுத்தி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். என்னைத் திட்டவில்லை. "நீங்க வரேங்க சார்" என்று முதல் தடவையாக எனக்கு மரியாதை கொடுத்துவிட்டு வெளியே போனாள். பேச்சு சரியாக வரவில்லை, அந்த ங்க அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாள் மலை ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை.

சென்னையிலிருந்து ஆண்களைக் கூட்டிவந்து, நனைந்த பகுதியைப் பெயர்த்து மறுபடி ஒட்டினோம். தண்ணீர் எட்டாத கடைசிக் கிளையைத் தொடவில்லை. லாட்ஜ் வேலை எங்களுக்குக் கிடைத்தது. என்னைச் சென்னைக்கு மாற்றினார்கள், பிறகு பெரிய கம்பெனி, பெரிய கட்டடங்கள். ஆஸ்பத்திரி, ஆடிட்டோரியம், விமான நிலையம் என்று நான் ஊராத டக்ட் இல்லை. கூட்டங்களில், "காற்று நடுவில் தூக்காது, ஓரத்தில்தான் தூக்கும், அங்கே பின்னை இரட்டிப்பாக்குங்கள்" என்று சொல்வேன். அனுபவம் பேசுகிறது என்பார்கள். நான் தலையை லேசாகச் சாய்த்து அதை ஏற்றுக்கொள்வேன்.

சில வருஷம் முன்பு அந்த மண்டபத்தை இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். பெரியவர் போய்ச் சேர்ந்திருந்தார். பிள்ளைகள் பிரித்துக்கொண்டதில் மண்டபம் ஜவுளிக்கடைக்காரருக்குப் போயிருந்தது. பழைய இரும்புக்காரர் ஒருவர் டக்டைத் தரையில் போட்டுப் பஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். சென்னை ஆட்கள் ஒட்டியது வாழைப்பட்டை மாதிரி கையோடு வந்தது. கடைசிக் கிளைக்கு வந்ததும் கடப்பாரை வழுக்கியது. ஓரத்தில் இரண்டு வரிசைப் பின்கள் துருவேறி அப்படியே நின்றன. நான் குந்தி உட்கார்ந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன். முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது.

"இன்னா சார் இது, வரவே மாட்டேங்குது. எவன் ஒட்டுனான் இத?" என்றார் இரும்புக்காரர்.

"வெள்ளச்சின்னு ஒரு ஃபிட்டர்" என்றேன்.

"பொம்பளையா? இப்ப எங்க இருக்குறாங்க?"

தெரியாது என்றேன். வெள்ளிமலைக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து நேர் பஸ் உண்டு. இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட நான் ஏறவில்லை. அவள் ஊர்ப் பேரையே அன்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவர் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. கொஞ்சம் தள்ளு சார் என்று சொல்லிவிட்டுப் பெரிய சுத்தியலை எடுத்தார். பத்துப் பன்னிரண்டு அடியில் தகரம் நசுங்கிப் பின்கள் தெறித்தன. மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அவள் வேலை நல்ல வேலை என்பதற்கு இருந்த கடைசிச் சாட்சியும் அதோடு போய்விட்டது. இனி மிச்சமிருக்கும் சாட்சி நான் ஒருவன்தான். நான் எப்படிப்பட்ட சாட்சி என்பது அவளுக்குத் தெரியும்.